பிபி நோட்டுல இன்னொரு கட்டம் போடுங்க: கவலை உடம்புல ஏறுறத வீட்லயே கண்டுபிடிக்கிறது எப்படி

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல, வாய்க்காத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைல இருக்கு எங்க ஊரு. வீடு வீடா போயி பிபி பாத்து, சுகர் பாத்து, மாத்திரை குடுத்துட்டு வர்ற வேலை எனக்கு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்சுதே, அதுலேர்ந்து இதே வேலைதான். இத்தனை வீட்டுப் படி ஏறி எறங்குனதுல நான் கத்துக்கிட்ட ஒரு விஷயத்த உங்க வீட்லயும் நீங்களே செஞ்சு பாக்குற மாதிரி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன்.

ஒரு அக்கா இருக்காங்க, 43 வயசு, நடவுக்கும் களைக்கும் போறவங்க. செவ்வாக்கெழம காலைல போனா 168/102. அதே வாரம் வெள்ளிக்கெழம போனா 138/88. மாத்திரை அதேதான், சோறு அதேதான், உப்பும் கொறச்சுட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்றாங்க. மெஷின்தான் கோளாறுபோலன்னு என் கையிலயே பட்டைய சுத்திப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. மூணாவது செவ்வாக்கெழமதான் எனக்கு வெளங்குச்சு. பட்டை கையில சுத்தியிருக்கு, அவங்க இன்னொரு கை முந்தானை முடிச்ச விட்டு விட்டு புடிச்சுப் பாக்குது, உள்ள பணம் இருக்கு, கண்ணு என்னைப் பாக்கவே இல்ல, காது மட்டும் தெருமுனைல இருக்கு, அங்க ஒரு பைக் சத்தம் கேட்டதும் தோளு தூக்கிப் போட்டுச்சு. பல்ஸ் 104. குழு லோன் வசூல் கூட்டம் வாராவாரம் செவ்வாக்கெழம பத்து மணிக்கு, அதுவும் இவங்க வீட்டுத் திண்ணையிலயே. இவங்க பங்க இவங்க தவறாம கட்டிடுவாங்க, ஆனா பத்து பேர்ல ஒருத்தர் கட்டலன்னாலும் மத்தவங்க எல்லாரும் சேந்து போட்டு அடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க முடியாது, அந்த ஒருத்தர் யாருன்னு பத்து மணி ஆகுற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அன்னைக்கு நோட்டுல தேதி, பிபி ரெண்டுக்கும் பக்கத்துல ஒரு கோடு போட்டு இன்னொரு கட்டம் இழுத்தேன். அதுல "குழு நாள்"னு எழுதுனேன். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கட்டத்தப் பத்திதான்.

மொதல்ல, கவலை எப்படி ரத்தத்துக்குள்ள போகுது

நம்மூர் ஆளுங்களுக்கு இத வாய்க்கா ஷட்டர் வச்சு சொன்னா டக்குனு புரியும். பயமோ அவமானமோ வந்தா மூளைக்குள்ள ஹைப்போதலாமஸ்னு ஒரு எடம் இருக்கு, அது பக்கத்துல இருக்குற பிட்யூட்டரிங்குற சுரப்பிக்கு சேதி சொல்லும், பிட்யூட்டரி கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒக்காந்திருக்குற அட்ரினல் சுரப்பிக்கு சொல்லும், அது கார்ட்டிசோல்ங்குற ஹார்மோன தொறந்து விடும். அதுக்கு முன்னாடியே நரம்பு வழியா சேதி போயி அட்ரினலின் ரத்தத்துல ஓடிரும், நெஞ்சு படபடக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும். கார்ட்டிசோல் வந்து ஈரல்லேர்ந்து சக்கரைய ரத்தத்துல கொட்டும். பாம்பக் கண்டா ஓடணும்ல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஓடி முடிச்சதும் அதே கார்ட்டிசோல் மூளைக்குப் போயி போதும்னு சொல்லி ஷட்டர எறக்கிரும்.

பாம்பு போயிரும், ஆனா வட்டி போகாது. ஷட்டர் எறங்காமலே நெதமும் கொஞ்சம் கொஞ்சம் கசிஞ்சுக்கிட்டே இருந்தா வாய்க்கா கரை என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். கரை அரிக்கிற மாதிரி ரத்தக்குழாய் உள்பக்கம் தேயும், சக்கரை ஏறிக்கிட்டே போகும், வயித்தச் சுத்தி கொழுப்பு சேரும், ராத்திரி கொறைய வேண்டிய கார்ட்டிசோல் கொறையாம தூக்கம் கெடும், நோய எதிர்க்கிற சக்தி தடுமாறும். உடம்பு இப்படி சுமந்து சுமந்து தேயுறதுக்கு புரூஸ் மெக்வென்னு ஒரு விஞ்ஞானி 1993ல அலோஸ்டேட்டிக் லோடுன்னு பேர் வச்சாரு, உடம்புச்சுமைன்னு வச்சுக்கலாம். 1991ல ஷெல்டன் கோஹென்னு ஒருத்தர் 394 பேருக்கு மூக்குல சளி வைரஸ சொட்டு மருந்து மாதிரி விட்டுப் பாத்தாரு, யாருக்கு வாழ்க்கைல நெருக்கடி அதிகமோ அவங்களுக்குத்தான் சளி அதிகமா புடிச்சுது. அஞ்சு வகை வைரஸ்ல ஆளுக்கு ஒண்ணுதான் விட்டாரு, எத விட்டாலும் இதே கதைதான்.

நோட்டு போடுறது எப்படி

பிபி மெஷின் வீட்ல இருந்தா நல்லது, இல்லன்னா துணை சுகாதார நிலையத்துல பாத்துக்கலாம், எங்கள மாதிரி வர்றவங்ககிட்டயும் கேக்கலாம். மொதல்ல ஒழுங்கா அளக்கணும், தப்பா அளந்து எழுதுனா நோட்டே வீண். அரை மணி நேரத்துக்கு முன்னாடி டீ, பீடி, பொயல எதுவும் வேணாம். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருங்க. முதுகு சாய ஒரு நாற்காலி, கால் ரெண்டும் தரையில, கால் மேல கால் போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்துக்கு ஒரு தலகாணி மேல, பட்டை துணி மேல இல்லாம தோல் மேல. அஞ்சு நிமிஷம் சும்மா ஒக்காருங்க. அளக்கும்போது பேசாதீங்க, பேசுனாலே ஏறும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவ பாருங்க, ரெண்டையும் எழுதுங்க. காலைல மாத்திரைக்கு முன்ன ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வீட்ல பாக்குறப்ப 135/85க்கு மேலேயே நின்னா அது கூடுதல்தான், டாக்டர்ட்ட காட்டணும். சுகர் இருக்குறவங்க வெறும் வயித்துல பாத்தத எழுதுங்க.

அதுக்குப் பக்கத்துல எத்தன மணி நேரம் தூங்குனீங்கன்னு ஒரு நம்பர்.

இப்ப நம்ம கட்டம். அதுல அன்னைக்கு என்ன நடந்துச்சு, நாளைக்கு என்ன நடக்கப்போகுதுன்னு பயம், இது ரெண்டையும் நாலஞ்சு வார்த்தைல எழுதுங்க. "டென்ஷன்"னு மட்டும் எழுதாதீங்க, அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. "குழு நாள்", "மவன் பீஸ் கட்டல", "அவரு குடிச்சுட்டு வந்தாரு", "மேஸ்திரி கூலி தரல", "அத்தாச்சி பேசுனது", "மோட்டார் கரன்ட் இல்ல", இப்படி. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிங்க வீட்ல பள்ளிக்கூடம் போற பேரப்புள்ளய வச்சு எழுதச் சொல்றேன், ஆனா குடிச்சது அடிச்சது மாதிரி விஷயத்த புள்ளைகிட்ட சொல்லாதீங்க, அதுக்கு ஒரு புள்ளி வச்சா போதும், என்னன்னு உங்களுக்குத் தெரியும்.

டெல்டாவுல இருக்குறவங்க ஒரு விஷயம் கவனிக்கணும். பயிருக்கு இருக்குற மாதிரி நம்ம கவலைக்கும் பட்டம் இருக்கு. மேட்டூர் தொறக்குறது வழக்கமா ஜூன் 12. அந்தத் தேதி நெசமாயிட்டா ஊரே நிம்மதியா நாத்தாங்கால் வேலையப் பாக்கும். 2024ல ஜூன் 12ல தொறக்க முடியாம ஜூலை கடைசிலதான் தொறந்தாங்க, அந்த நடு ஒன்றரை மாசம் கடைமடைக்காரங்க ஒவ்வொருத்தரும் குறுவை போடுறதா வேணாமா, போரு இருக்குறவன் போட்டுட்டானே, நம்ம என்ன பண்றதுன்னு தவிச்ச தவிப்பு இருக்கே, கஷ்டம் வரும்னு தெரிஞ்சா கூட மனசு அதுக்கு ஒரு வழி பண்ணிக்கும், வருமா வராதான்னே தெரியலன்னாதான் உடம்பு ராவும் பகலும் காவல் காக்கும். இதுக்கு எலிய வச்சே ஆராய்ச்சி இருக்கு. ஜே வைஸ்னு ஒருத்தர் ரெண்டு எலிக்கு ஒரே அளவு ஷாக் குடுத்தாரு, ஒண்ணுக்கு ஷாக்குக்கு முன்ன ஒரு சத்தம் கேக்கும், இன்னொண்ணுக்கு எப்ப வரும்னே தெரியாது. தெரியாத எலிக்குத்தான் வயித்துல புண்ணு ரொம்ப அதிகம்.

அறுப்பு சமயம் இன்னும் மோசம். எங்க பெரியப்பா ஒருத்தரு சம்பா நெல்ல கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டிட்டு ஒம்போது ராத்திரி அங்கேயே படுத்துக் கெடந்தாரு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, பனி பெய்யுது, தார்ப்பாய் போட்டா வேர்க்குது, எடுத்தா நனையுது, சாக்கு இல்லங்குறாங்க, லாரி வரலங்குறாங்க, சிப்பத்துக்கு இவ்வளவுன்னு கையில வேற குடுக்கணும். எப்பவும் 140, 150 இருக்குற வெறும் வயித்து சுகர் அந்த வாரம் 212. அந்த ஒம்போது நாளும் அவரு சாப்புட்டதே பாதி வயிறுதான். அவரு கட்டத்துல நான் "நெல்லு களத்துல"ன்னு ஒம்போது தடவ எழுதியிருக்கேன்.

கடலோரம் வேதாரண்யம் பக்கம் இருக்குறவங்க புயல் எச்சரிக்கை வந்த நாளையும் எழுதுங்க. 2018 நவம்பர் 16 கஜாவுக்கு அப்பறம் காத்துச் சத்தம் கேட்டாலே தூக்கம் போயிருதுன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க.

நாலு வாரம் கழிச்சு படிக்கிறது

நாலு வாரத்துக்கு முன்ன எந்த முடிவுக்கும் வராதீங்க. அப்பறம் ஒரு செவப்பு பேனா எடுத்து அதிகமா இருக்குற நாள வட்டம் போட்டுட்டு பக்கத்துக் கட்டத்த மட்டும் படிங்க. ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க. நம்பர் ஏறுனது அன்னைக்கா, மொத நாளு ராத்திரி தூக்கம் கெட்டு மறுநாளான்னும் பாருங்க, பாதிப் பேருக்கு மறுநாள் காலைலதான் தெரியுது. எல்லா நாளும் ஒரே மாதிரி அதிகமா இருந்தா கவலை இல்லைன்னு அர்த்தம் கெடையாது, ஷட்டர் எறங்கவே இல்லன்னும் இருக்கலாம், மாத்திரை அளவு பத்தலன்னும் இருக்கலாம், அத டாக்டர்தான் சொல்லணும். காரணம் தெரிஞ்சுருச்சேன்னு மாத்திரைய நிறுத்தவே கூடாது. கவலையால ஏறுன பிபியும் மூளைல ரத்தக்குழாய வெடிக்க வைக்கும். 180/120 தாண்டி, கூட நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுறது, பேச்சு கொளறுறது, ஒரு பக்கம் கை கால் வெளங்காமப் போறது எது இருந்தாலும் நோட்ட வச்சுட்டு 108க்கு போன் போடுங்க.

ஒரு வீடு முடிஞ்சா தெரு

இதத்தான் நான் அழுத்திச் சொல்லணும். நாலஞ்சு நோட்டு சேந்ததும் பேரு போடாம ஒரு தாள்ல தெருவாரியா எழுதிப் பாத்தேன். எங்க ஊர்ல வாய்க்காத் தண்ணி போற மாதிரியே இருந்துச்சு. சொந்த நெலமும் போரும் இருக்குறவங்க தலைமடை, அப்பறம் குத்தகைக்காரங்க, அப்பறம் கூலி, கடைசில காலனி. ஒவ்வொரு மடை தாண்டத் தாண்ட கட்டத்துல எழுதுறது அதிகமாவுது, தூக்கம் கொறையுது. இது எங்க ஊரு சின்னக் கணக்கு, இத வச்சு உலகத்துக்கே சொல்லிட முடியாது. ஆனா உலகத்துல பெருசா பாத்தவங்களும் இதத்தான் பாத்திருக்காங்க.

லண்டன்ல 1967ல அரசாங்க ஆபீஸ்ல வேலை பாத்த கிட்டத்தட்ட 18,000 ஆம்பளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்தாங்க, வைட்ஹால் ஆய்வுன்னு பேரு, மைக்கேல் மார்மட் அதுல முக்கியமானவரு. எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச வைத்தியம், பட்டினி கெடக்குறவங்க யாரும் கெடையாது. அப்படியும் கடைசிப் படில இருந்த பியூன் மாதிரி ஆளுங்க மேல்படி அதிகாரிகள விட சுமார் மூணு மடங்கு அதிகமா மாரடைப்புல செத்துருக்காங்க. நடுவுல இருந்த படிங்களும் அப்படியே வரிசையா எறங்குது. பீடி சிகரெட், பிபி, கொழுப்பு எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பின்னாடியும் பெரும்பங்கு வித்தியாசம் அப்படியே நிக்குது. 1985ல பொம்பளைங்களையும் சேத்து ரெண்டாவது தடவ பாத்தப்ப தெரிஞ்சது, தன் வேலைய தான் முடிவு பண்ற உரிமை யாருக்கு கம்மியோ அவங்களுக்கு நெஞ்சு நோய் அதிகம். எத்தன மணிக்கு வேலை, எவ்வளவு கூலி, எங்க ஒக்காந்து சாப்புடுறது, எதையும் தான் சொல்ல முடியாத நம்ம நடவு அக்காங்களுக்கு இத விளக்கிச் சொல்லவே தேவையில்ல.

"அவங்க பரம்பரையே அப்படி, ரத்தமே அப்படி"ன்னு சொல்ற ஆளு எல்லா ஊர்லயும் உண்டு. அவங்களுக்கு ஒரு பதில் வச்சுக்குங்க. அமெரிக்காவுல இல்லினாய்ல பொறந்த கொழந்தைங்க எடைய டேவிட், காலின்ஸ்னு ரெண்டு டாக்டருங்க 1997ல ஒப்பிட்டுப் பாத்தாங்க. அமெரிக்காவுலயே பொறந்து வளந்த வெள்ளைக்கார அம்மாங்களோட கொழந்தைங்க சராசரி 3446 கிராம். ஆப்பிரிக்காவுல பொறந்து வந்து குடியேறுன கறுப்பு அம்மாங்களோட கொழந்தைங்க 3333. அமெரிக்காவுலயே பொறந்து வளந்த கறுப்பு அம்மாங்களோட கொழந்தைங்க 3089. ரத்தம்தான் காரணம்னா ஆப்பிரிக்காவுலேர்ந்து நேரா வந்தவங்களுக்குத்தான் எடை கம்மியா இருக்கணும். பொறந்ததுலேர்ந்து ஒதுக்கப்பட்டு வாழுற வாழ்க்கைதான் கர்ப்பப்பை வரைக்கும் போயி கொழந்தை எடையத் தொடுதோன்னு அவங்க கணக்கு யோசிக்க வைக்குது.

கூலி கூடக் கேட்டதுக்கு 1968 டிசம்பர் 25ல கீழ்வெண்மணில 44 பேர ஒரு குடிசைக்குள்ள வச்சு எரிச்ச பழைய தஞ்சாவூர் மாவட்டத்துல சேந்த பகுதி இது. அதப் பாத்தவங்க, கேட்டு வளந்தவங்க இன்னைக்கும் நம்ம மாத்திரை வாங்க வர்ற வயசுல இருக்காங்க. அதனால காலனிக்குள்ள போயி நோட்டப் புடிச்சுக்கிட்டு "உங்கள யாரு என்ன சொன்னா"ன்னு கேக்காதீங்க. அவங்களா சொன்னா எழுதுங்க. "டீக்கடைல"ன்னு ஒரு வார்த்தை எழுதச் சொன்னாரு ஒரு தாத்தா, அதுக்கு மேல நான் கேக்கல, எனக்குப் புரிஞ்சுது.

கண்டுபிடிச்சதுக்கு அப்பறம் என்ன பண்றது

"டென்ஷன் ஆவாதீங்க"ன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க. ஒரு ஆஸ்பத்திரில நம்ம அக்காவ "உப்பக் கொறைன்னா கொறைக்க மாட்டியா"ன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாங்க, வெளில வந்து மறுபடி பாத்தா பிபி இன்னும் ஏறிக் கெடக்கு.

கட்டத்துல அதிகமா வந்த வார்த்தைய மட்டும் எடுங்க, ஒண்ணே ஒண்ணு. அது எப்ப, எங்க, யாரால நடக்குது, இதுல ஏதாவது ஒண்ண மாத்த முடியுமான்னு பாருங்க. முழுசா தீக்க முடியாட்டியும் நேரத்தையோ எடத்தையோ மாத்துனா போதும்.

குழு லோனுக்கு: வருஷம் 3 லட்சம் வரைக்கும் வருமானம் இருக்குற குடும்பத்துக்கு அடமானம் இல்லாம குடுக்குற கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022லேர்ந்து விதி வச்சிருக்கு. காலைல 9 மணிக்கு முன்னயும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் பண்ணக் கூடாது, மெரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. வசூல் பண்ற எடம் கடன் வாங்குனவங்களும் ஒத்துக்கிட்ட எடமா இருக்கணும். எல்லா கடனோட தவணையும் சேந்து குடும்பத்து மாச வருமானத்துல பாதியத் தாண்டக் கூடாது, தாண்டுனா புதுக்கடன் குடுக்கக் கூடாது. இத ஒரு தாள்ல எழுதி பத்து பேரும் கையெழுத்து போட்டு, கூட்டத்த சமுதாயக் கூடத்துக்கு மாத்துங்க, யாரு கட்ட முடியாதோ அவங்க முந்தின நாளே குழுவுல சொல்லிரணும்னு நம்ம அக்காங்க சேந்து முடிவு பண்ணாங்க. கடன் ஒத்த ரூவா கொறையல. ஆனா பத்து மணிக்கு என்ன நடக்கப்போகுதுன்னு திங்கக்கெழம ராத்திரியே தெரிஞ்சு போச்சு. ரெண்டு மாசத்துல அக்காவோட செவ்வாக்கெழம 146, 148னு வந்துருக்கு. இன்னும் கூடுதல்தான், மாத்திரையும் நடுவுல மாத்திக் குடுத்தாங்க, அதனால எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு பிரிச்சு சொல்ல மாட்டேன். முந்தானை முடிச்ச அவங்க புடிச்சுக்கிட்டே ஒக்காரல, அத நான் பாத்தேன்.

நெல்லுக்கு: ராத்திரி காவல முறை வச்சுக்குங்க. நாலு பேரு நெல்லு பக்கத்துப் பக்கத்துல கெடந்தா நாலு பேரும் எதுக்கு முழிக்கணும், ஒருத்தர் படுங்க, மூணு பேரு வீட்டுக்குப் போங்க. பெரியப்பாவுக்கு அடுத்த வருஷம் இதப் பேசி முடிக்கவே அண்ணனுங்க ரெண்டு நாள் மல்லுக்கட்டுனாங்க, கடைசில ஒத்துக்கிட்டாரு.

வீட்டுக்குள்ள அடி உதைன்னா 181 இருக்கு, பொம்பளைங்களுக்கான நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க. செத்துரலாம் போல இருக்குன்னு கட்டத்துல ஒரு தடவ வந்தாலும், நோட்டு எழுதுறதோட விட்டுராதீங்க, கூட ஒரு ஆளு இருங்க, 14416க்கு போன் போடுங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. பூச்சி மருந்து டப்பாவ வீட்ட விட்டு எடுத்துருங்க, இத நான் ரொம்ப வேண்டிக் கேக்குறேன்.

மாசமா இருக்குற பொண்ணு வீட்ல இருந்தா அவ நோட்ட மொதல்ல பாருங்க. நெதர்லாந்துல 1944, 45 பஞ்சத்துல வயித்துக்குள்ள இருந்த கொழந்தைங்களுக்கு அம்பது வயசுலயும் சக்கரை கட்டுப்பாடு கெட்டுக் கெடந்தது. இன்னைக்கு அவ படுற பாடும் பட்டினியும் அந்தப் புள்ளைக்கு எழுதுற கடன்.

தெரு மாறுனா உடம்பு மாறுமான்னு கேட்டீங்கன்னா, கொரங்குங்க கதை ஒண்ணு இருக்கு. கென்யாவுல ராபர்ட் சபோல்ஸ்கின்னு ஒரு விஞ்ஞானி வருஷக்கணக்கா பபூன் கூட்டம் ஒண்ணப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கெட்டுப்போன கறிய சண்ட போட்டு தின்ன முரட்டு ஆண்கொரங்குங்க 80கள்ல காசநோய் வந்து செத்துப் போச்சு. மிச்சம் இருந்ததுங்க சாது, சும்மா போற கொரங்க கடிக்காது. அந்தக் கூட்டத்துல கடைசில இருந்த கொரங்குங்களுக்கு, மத்த கூட்டத்துல கடைசில இருக்குறதுக்கு வர்ற கார்ட்டிசோல் ஏத்தம் இல்லாமலே போயிருச்சு. வருஷம் தாண்டி வெளிலேர்ந்து வந்து சேந்த புதுக் கொரங்குங்களும் அந்தப் பழக்கத்தையே கத்துக்கிச்சுங்க.

டாக்டர்ட்ட போறப்ப முழு நோட்டையும் பொரட்டிக் காட்ட நேரம் இருக்காது. கடைசி ரெண்டு வாரப் பக்கத்த மடிச்சு மேல வச்சுக்குங்க. "இந்த நாள்ல ஏறுது, அன்னைக்கு இது நடந்துருக்கு, தூக்கம் இவ்வளவு"ன்னு மூணே வரில சொல்லுங்க. அவங்க கேக்கலன்னாலும் நோட்டத் தொறந்தபடியே மேசை மேல வச்சுருங்க.